ரஷ் குழுவின் '2112': கலகமா, கணக்கா?

ஊசிமுனை எழுதியது:

1991இல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன் ஒரு 90 நிமிடக் கேசட்டில் கனடாவின் ராக் இசைக்குழுவான ரஷ்ஷின் '2112' ஆல்பத்தைப் பதிந்து கொடுத்தான். மொத்தமே 39 நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஆல்பம் என்பதால் கேசட்டின் ஒரு பக்கத்திலேயே முழுவதும் அடங்கிவிட்டது. ஆனால் அவசரத்தில் ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்தை முதலில் பதிந்துவிட்டான். அது எனக்குத் தெரியாது. முதலில் ஐந்து சின்னப் பாட்டுகள், பிறகு இருபது நிமிடத்துக்கு நீளும் ஒரு விண்வெளிக் கதை, இதுதான் ஆல்பம் என்று பதினைந்து ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். ரெக்கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் இத்தனை நாளும் தலைகீழாகக் கேட்டுவந்தது புரிந்தது.

இந்த ஆல்பத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1975இல் வந்த இவர்களுடைய முந்தைய ஆல்பம் 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' விற்கவில்லை. அதை வைத்துப் போன கச்சேரிப் பயணத்துக்கு, எல்லாம் சாக்கடையோடு போயிற்று என்ற பொருளில், குழுவினரே ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள். ரெக்கார்டு நிறுவனம் நீளமான பாட்டெல்லாம் வேண்டாம், வானொலியில் போடும்படி சின்னதாகக் கொடுங்கள் என்று நெருக்கியது. இவர்கள் மூவரும், மூழ்கினாலும் நம் இசையோடு மூழ்குவோம் என்று முடிவெடுத்து, ஏழு பகுதிகள் கொண்ட 20 நிமிடப் படைப்பைச் செய்தார்கள். 1976இல் ஆல்பம் வந்தது. பிழைத்தார்கள்.

பொய்க்கதை இல்லை. ஆனால் ரெக்கார்டைத் திருப்பிப் போடுங்கள். அங்கே ஐந்து பாட்டுகள். ஒன்றுகூட நான்கு நிமிடத்தைத் தொடவில்லை. மிக நீளமானது 3 நிமிடம் 59 விநாடி! நிறுவனம் கேட்டதைப் பாதி ரெக்கார்டில் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் தாங்கள் விரும்பியதைச் செய்திருக்கிறார்கள். என் கேசட்டின் வரிசைப்படி கேட்டால் இது சமத்தான பிள்ளைகளின் ஆல்பம். முதலில் வீட்டுப்பாடம், பிறகு விளையாட்டு. கலகக்காரர்கள் என்ற பெயர் இவர்களுக்குப் பொருந்துமா?

கடுகுமணி எழுதியது:

பொருந்தாது. இதை நான் முன்பே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் பூசாரிகளின் கொடுங்கோலாட்சியை எதிர்த்து ஒருவன் உயிரையே விடுகிறான். ரெக்கார்டைத் திருப்பியதும் 'எ பேசேஜ் டு பாங்காக்', அதாவது கஞ்சாவைத் தேடி ஊர் ஊராகப் போகும் பாட்டு. போதாக்குறைக்கு, ஆசியா என்றாலே மேல்நாட்டார் வாசிக்கும் அந்தச் சலித்துப்போன கிட்டார் துணுக்கு வேறு. அடுத்த 'தி ட்வைலைட் ஸோன்' ஒரு தொலைக்காட்சித் தொடரை நினைத்து ஒரே நாளில் எழுதிப் பதிவானது. இடம் நிரப்ப வந்த பாட்டு என்று கேட்டாலே தெரியும்.

ஏழாம்பகுதி எழுதியது:

ஊசிமுனை ஐயா, கேசட் கதை அருமை. வாதத்தில்தான் ஓட்டை இருக்கிறது. 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' ஆல்பத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதன் முதல் பக்கத்திலும் மூன்று சிறு பாட்டுகள் இருக்கின்றன. கூடவே பன்னிரண்டரை நிமிட 'தி நெக்ரோமான்சர்'. இரண்டாம் பக்கம் முழுக்க 'தி ஃபவுண்டன் ஆஃப் லாம்னெத்'. சிறியதும் பெரியதும் கலந்து கொடுப்பது அவர்கள் வழக்கம்தான். நிறுவனத்துக்குப் பயந்து புதிதாகச் செய்தது அல்ல.

மாறியது இரண்டு. ஒன்று, இருபது நிமிடத்தை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடையில் ஊசியை வைத்துப் பார்ப்பவன் காதில் முதலில் விழுவது அதுதான். போன தடவை எது குற்றம் என்று சொன்னார்களோ, அதையே வாசலில் மாட்டிவைத்தார்கள். இரண்டாவது, இது முன்னதைவிடப் பல மடங்கு இறுக்கமான வேலை. லாம்னெத் ஓர் ஆளின் பிறப்பு முதல் முதுமை வரை அலைந்து திரிந்து எங்கேயோ தொலைந்துபோகும். 2112இல் ஒரு பகுதியைக்கூட வெட்ட முடியாது.

ஊசிமுனை எழுதியது:

முன்பக்கம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். கேசட்டில் வாழ்ந்தவனுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்ற உணர்வே இருந்ததில்லை.

ஆனால் ஒரு பகுதியைக்கூட வெட்ட முடியாது என்பதை அவர்களே ஏற்கவில்லை தம்பி. அதே 1976 ஜூனில் டொராண்டோ மாசி ஹாலில் பதிவு செய்த 'ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' கச்சேரி ஆல்பத்தில் 2112 இருக்கிறது. 'டிஸ்கவரி', 'தி ஆரக்கிள்' என்ற இரண்டு பகுதிகளும் இல்லை. ஏழையும் சேர்த்து முழுதாக மேடையில் வாசிக்க 1996 வரை ஆனது.

ஏழாம்பகுதி எழுதியது:

அந்த இரண்டையும் விட்டால் கதைநாயகனுக்குக் கிட்டார் எப்படிக் கிடைத்தது என்பதே தெரியாது. சீதை காணாமல் போகாமலே போர் தொடங்கிய மாதிரி. மேடையில் நேரமில்லை என்று வைத்துக்கொள்வோம். வாதத்தைத் திரும்பப் பெறமாட்டேன்.

புதுச்செவி எழுதியது:

மன்னிக்கவும், நான் இந்தக் குழுவை இதுவரை கேட்டதே இல்லை. கதை என்ன என்று யாராவது சுருக்கமாகச் சொல்ல முடியுமா? யார் யார் என்ன வாசிக்கிறார்கள்?

ஏழாம்பகுதி எழுதியது:

மூன்றே பேர். கெடி லீ பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவார். அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார். நீல் பேர்ட் டிரம்ஸ், பெரும்பாலான பாடல் வரிகளும் அவருடையவை. முதல் ஆல்பத்துக்குப் பிறகு, 1974 ஜூலையில்தான் பேர்ட் சேர்ந்தார். அதற்கு முன் அப்பாவின் விவசாயக் கருவிகள் கடையில் உதிரி பாகங்கள் விற்றுக்கொண்டிருந்தவர்.

கதை 2112ஆம் ஆண்டில் நடக்கிறது. சூரியக் கூட்டமைப்பை சிரிங்ஸ் கோயில்களின் பூசாரிகள் ஆள்கிறார்கள். என்ன படிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எல்லாம் அவர்கள் கணினிகள் தீர்மானிக்கும். ஒருவன் நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் உள்ள குகையில் ஒரு பழைய கிட்டாரைக் கண்டெடுக்கிறான். அது என்னவென்றே தெரியாமல் தடவித் தடவி வாசிக்கக் கற்கிறான். எல்லோரும் மகிழ்வார்கள் என்று எண்ணிப் பூசாரிகளிடம் கொண்டுபோகிறான். பழைய இனம் அழியக் காரணமான வெட்டி விளையாட்டுப் பொருள் இது என்று சொல்லி ஒரு பூசாரி அதை மிதித்து நொறுக்குகிறார். அவனுக்கு ஒரு கனவு வருகிறது. மனிதர்கள் சுதந்திரமாக வாழும் வேறோர் உலகம். விழித்ததும் இந்த உலகம் பொறுக்காமல் உயிரை விடுகிறான். கடைசியில் போர் மூள்கிறது. கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டோம் என்று ஓர் அறிவிப்பு மூன்று முறை ஒலிக்கிறது. யார் எடுத்துக்கொண்டார்கள் என்பதில் எங்களுக்குள் தீராத சண்டை. அதைப் பிறகு பேசலாம்.

மிருதங்கப்பித்தன் எழுதியது:

தாளம் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். சிக்கலான கணக்குகளை எதிர்பார்த்து இந்த ஆல்பத்துக்கு வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். இது பெரும்பாலும் நேரான ஓட்டம்தான். பேர்டின் கெட்டிக்காரத்தனம் இங்கே கணக்கில் இல்லை, தீர்மானம் வைக்கும், அதாவது தாளத்தை முடித்துத் திருப்பும் இடங்களில் இருக்கிறது. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் மூலையில் என்ன போட்டுத் திருப்புகிறார் என்று மட்டும் கவனித்துக் கேளுங்கள். அவருடைய கணக்கு வழக்கைக் கேட்க 1981இல் வந்த 'ஒய்ஒய்இசட்' பாட்டுக்குப் போக வேண்டும்.

ஆனால் இந்த ஆல்பத்தில் என்னை உட்காரவைத்தது 'டிஸ்கவரி' பகுதி. தண்ணீர் ஓடும் சத்தம். லைஃப்சன் கிட்டாரின் வெறும் தந்திகளை ஒவ்வொன்றாகத் தொடுகிறார். சுருதி சேரவில்லை. முறுக்காணியைத் திருகுகிறார். மெல்ல இரண்டு தந்திகள் ஒத்துப்போகின்றன. பிறகு ஒரு சிறிய அடுக்கு, இன்னொன்று, கை பழகப் பழக ஒரு பாட்டே பிறந்துவிடுகிறது. மூன்றரை நிமிடத்துக்குள் ஒருவன் வாத்தியம் கற்றுக்கொள்வதை வாத்தியத்திலேயே சொல்லிவிடுகிறார். நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் தெரியாதவன் போல வாசிப்பது எத்தனை கடினம் என்பது வாத்தியம் தொட்டவர்களுக்குத் தெரியும். நாங்கள் கச்சேரிக்கு முன் வலந்தலையைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதைச் சபையில் யாரும் இசையாக நினைப்பதில்லை. எல்லோரும் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த மனிதர் அதையே பாட்டாக்கிவிட்டார்.

கடுகுமணி எழுதியது:

பித்தன் சொன்ன பகுதியை நானும் விரும்புகிறேன். ஆனால் எல்லோரும் சுற்றி வளைத்துத் தவிர்க்கும் பேச்சை நான் எடுக்கிறேன். ரெக்கார்டு உறையில் அய்ன் ராண்டின் மேதைமைக்கு நன்றி என்று அச்சடித்திருக்கிறார்கள். அவருடைய 'ஆந்தம்' குறுநாவலில் எல்லோரும் ஒரே அச்சில் வாழும் எதிர்கால உலகத்தில் ஒருவன் மின்விளக்கை மறுபடி கண்டுபிடிக்கிறான். பெரியவர்களிடம் காட்டுகிறான், அவர்கள் மறுக்கிறார்கள். விளக்கை எடுத்துவிட்டுக் கிட்டாரை வையுங்கள், 2112. ஏழை எளியவருக்கு அரசு உதவினாலே தனிமனிதன் நசுங்குவான் என்று எழுதியவரின் சிந்தனை இது. அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை உறையில் ஏன் கெட்டதன் சின்னமாக வரைந்தார்கள்? நட்சத்திரத்தை எதிர்த்து நிற்கும் அம்மண மனிதன் யார்? எனக்கு இது இனிப்பு தடவிய வலதுசாரிப் பிரசாரமாகவே படுகிறது.

ஏழாம்பகுதி எழுதியது:

1978இல் என்.எம்.இ. என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகையும் இதைத்தான் எழுதியது, இன்னும் கடுமையாக. படித்துக் குழுவினர் புண்பட்டார்கள். உறையை வரைந்த ஹ்யூ சைம் அந்த மனிதனைக் கூட்டத்துக்கு எதிரே நிற்கும் தனியொருவனாகத்தான் வரைந்தார், அதை மறுக்கவில்லை. ஆனால் தன் பாட்டைத் தன் விருப்பப்படி பாட விடுங்கள் என்று கேட்பவனெல்லாம் வலதுசாரி என்றால் பாதிப் பாணர்கள் வலதுசாரிகள்தான்.

பேர்டுக்கு அப்போது வயது 23. பின்னாளில் ராண்டிடமிருந்து வெளிப்படையாகவே விலகினார். தன்னை இளகிய மனம் கொண்ட சுதந்திரவாதி என்று சொல்லிக்கொண்டார்.

கடுகுமணி எழுதியது:

23 வயதுக்குச் சலுகை கொடுக்கலாம். அந்த ரெக்கார்டை வாங்கிய லட்சக்கணக்கானவர்களுக்கு வயது 15.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

நான் பொதுவாக இங்கே வாசிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு வழியாக டொராண்டோ வந்த குடும்பம். ரஷ் இந்த ஊர்க் குழு. லீயும் லைஃப்சனும் இங்கே வில்லோடேல் பகுதியில் பள்ளிக்கூடத் தோழர்கள். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். மிருதங்கப்பித்தன் அண்ணா சொன்ன ஒய்ஒய்இசட் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த எழுத்துகள்தான். டொராண்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்தப் பாட்டின் தொடக்கத் தாளமே அந்த மூன்று எழுத்துகளின் தந்திக் குறிகள். எங்கள் வீட்டில் பெட்டிகளில் ஒட்டிய அந்தச் சீட்டை அம்மா பல வருடங்கள் கிழிக்காமல் வைத்திருந்தார்.

கெடி லீயின் இயற்பெயர் கேரி லீ வைன்ரிப். போலந்து யூதரான அவருடைய தாய் கேரி என்று கூப்பிடும்போது அது கெடி என்று கேட்குமாம். அதையே பெயராக வைத்துக்கொண்டார். தாயும் தந்தையும் நாஜி முகாம்களில் இருந்து உயிர் தப்பியவர்கள். இருவரும் ஆஷ்விட்ஸில் இருந்தவர்கள். பிறகு தந்தையை டாக்கோவுக்கும் தாயைப் பெர்கன்-பெல்சனுக்கும் கொண்டுபோனார்கள். போர் முடிந்தபின் கனடா வந்தார்கள். கெடிக்குப் பன்னிரண்டு வயதில் தந்தை இறந்துபோனார். லைஃப்சனின் பெற்றோர் செர்பியாவிலிருந்து வந்தவர்கள். ஷிவோயினோவிச் என்ற குடும்பப் பெயரைத்தான் ஏறக்குறைய அப்படியே ஆங்கிலமாக்கி லைஃப்சன், வாழ்வின் மகன், என்று வைத்துக்கொண்டார். பெயரை இங்கத்தைய வாய்க்கு ஏற்ப வெட்டி ஒட்டுவது எங்களுக்கும் பழக்கம்தானே. என் பெயரில் பாதி பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டது.

அந்த 1978 கட்டுரை இவர்களை நாஜிகளின் பக்கம் சாய்த்துப் பேசியபோது கெடிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடுகுமணி அக்கா, ராண்டைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. எனக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் வரிகளை எழுதியவர் பேர்ட். பாடியது முகாமிலிருந்து வந்தவர்களின் பிள்ளை. ஒருவர் புத்தகத்தில் படித்ததை எழுதினார், இன்னொருவர் வீட்டில் கேட்டதை வைத்துப் பாடினார் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பூசாரிகளின் குரலில் கெடி கத்தும்போது எனக்குப் பொருளாதாரக் கொள்கை எதுவும் நினைவுக்கு வருவதில்லை. சோதனைச் சாவடிதான் வருகிறது. பையில் என்ன, எதற்கு வைத்திருக்கிறாய், இது தேவையில்லை, போ.

ஊசிமுனை எழுதியது:

இதற்குப் பிறகு நான் கேசட் பேச்சு பேசுவதா என்று தயங்கினேன். நன்றி.

'பிரசன்டேஷன்' பகுதியை உங்கள் பதிவுக்குப் பிறகு மறுபடி போட்டுக் கேட்டேன். இதில் கெடி இரண்டு பேராகவும் பாடுகிறார். கிட்டாரோடு வந்தவனுக்குத் தாழ்ந்த, மென்மையான குரல். பூசாரிகளுக்குக் காதைக் கிழிக்கும் உச்சக் குரல். பின்னால் இருக்கும் இசையும் அதற்கேற்பக் கூடவே மாறுகிறது. கொடுத்துக் கேட்பவனும் தட்டிப் பறிப்பவனும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறார்கள். நம் கூத்தில் ஒரே ஆள் இரண்டு வேடம் கட்டுவது போல.

புதுச்செவி எழுதியது:

முதல் தடவை கேட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. 'தி டெம்பிள்ஸ் ஆஃப் சிரிங்ஸ்' தொடங்கியதும் நிறுத்திவிட்டேன். இதையா இத்தனை பேர் கொண்டாடினார்கள்? அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஆல்பம் என்று எங்கோ படித்தேன்.

ஏழாம்பகுதி எழுதியது:

முதலிடமா! பில்போர்டு பட்டியலில் 61ஆவது இடத்தோடு நின்றது தம்பி. கனடாவில் 5ஆவது இடம். இது பட்டியலில் பாய்ந்து ஏறிய ஆல்பம் அல்ல, கச்சேரி கச்சேரியாக, வாயிலிருந்து வாய்க்குப் போய்ப் பரவியது. அமெரிக்காவில் 1977 நவம்பரில் தங்கச் சான்றிதழ். 1995இல் 30 லட்சத்துக்கான சான்றிதழ். நிறுவனம் அதற்குப் பிறகு பாட்டின் நீளம் பற்றி இவர்களிடம் வாய் திறக்கவில்லை. திருப்புமுனை என்று இதைத்தான் சொல்கிறோம்.

குரல் அனைவருக்கும் முதலில் இடிக்கும். பூசாரிகள் பிடிக்கக் கூடாது என்றுதானே அப்படிப் பாடியிருக்கிறார்? நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் இரண்டு நிமிடம் தாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தது தண்ணீர்தான்.

கடுகுமணி எழுதியது:

குரல் தொல்லையாக இருந்தால் இரண்டாம் பக்கத்தில் 'டியர்ஸ்' கேளுங்கள். வரிகளும் கெடியுடையவை. ஒரு தடவைகூடக் கத்தாமல் பாடியிருக்கிறார். பின்னால் கேட்கும் மெல்லோட்ரான் என்ற கீபோர்டு வாத்தியத்தை வாசித்தது யார் தெரியுமா? உறை ஓவியம் வரைந்த அதே ஹ்யூ சைம். முதல் பக்கத்தின் தொடக்கத்தில் விண்வெளி போல ஊளையிடும் ஏஆர்பி சின்தசைசரும் அவர்தான். ஓவியரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்ன அளவுக்குச் சிக்கனம். இடம் நிரப்ப வந்த பாட்டுகள் என்று நான் சொன்னதில் இது ஒன்றை மட்டும் கழித்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும்.

மிருதங்கப்பித்தன் எழுதியது:

அந்த இரண்டாம் பக்கத்துப் பாட்டுகள் இல்லையென்றால் முதல் பக்கத்தை மறுபடி போடத் தெம்பு வராது அம்மா. பல்லவி முடிந்தபின் துக்கடா வேண்டாமா? மணிக்கணக்கில் கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுப்பது துக்கடாவைத்தான். நிறுவனத்துக்குப் பயந்தா, கேட்பவன்மேல் இரக்கப்பட்டா என்று பிரிக்க முடியாது.

ஊசிமுனை எழுதியது:

துக்கடா! இதை நான் ஏற்கிறேன். என் தலைப்பின் இரண்டாவது பாதியைத் திரும்பப் பெறலாமா என்று யோசிக்கிறேன். என் தோழன் செய்தது, துக்கடாவை முதலில் பாடிவிட்டுக் கடைசியில் பல்லவியைத் தொடங்கிய வேலை.

ஏழாம்பகுதி எழுதியது:

சரி, யார் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டது? என்னைக் கேட்டால், வெளியேறிப் போன பழைய இனம் திரும்பி வந்து பூசாரிகளை வீழ்த்துகிறது. கனவில் அதற்கான குறிப்பு இருக்கிறது. அவன் இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் பார்த்திருப்பான். அதுதான் சோகம்.

ஸ்கார்பரோவாசி எழுதியது:

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஒலிபெருக்கியில் யாரோ கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டோம் என்று மூன்று தடவை சொன்னால், சொல்வது யார் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம்.

ஏழாம்பகுதி எழுதியது:

இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா.

புதுச்செவி எழுதியது:

இரவு விளக்கை அணைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். தண்ணீர் வந்தது, தந்தி ஒவ்வொன்றாக வந்தது. அடுத்த அறையிலிருந்து பாட்டி, "குழாயை யாரடா திறந்துவிட்டது, மூடு" என்று சத்தம் போட்டார். பாட்டு என்று சொன்னேன். நம்பவில்லை. எழுந்து போய்க் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இந்தப் பையன் இப்போதுதான் கற்றுக்கொள்கிறானா?" என்று கேட்டார்.